ஓடுகின்ற கால்களும் நிற்கின்ற கால்களும்

கழக்கூட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் சிலர் விடியற்காலையில் ஓடுகின்றார்கள் என்னும் செய்தி சங்கத்து அன்பர்கள் பலருக்கு எட்டியிருக்கிறது. சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர், "எதற்காக ஓடுகிறீர்கள்? யார் துரத்துகிறார்கள்?" என்று நகைத்துக் கேட்டார். அப்பொழுது நாங்களும் நகைத்து விட்டுவிட்டோம். எனினும், அந்தக் கேள்விக்கு உண்மையான விடை சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் எங்களை விட்டு நீங்கவில்லை. அவ்விடையே இக்கட்டுரை. இதில் எங்கள் பெருமையும் உண்டு; எங்கள் தவறும் உண்டு. தவற்றைச் சொல்லவே எழுதத் தொடங்கினோம். ஆனால் பெருமையைச் சொல்லாமல் தவறு விளங்காது. ஆதலின் பெருமையை முதலில் சொல்கிறோம், அன்பர்கள் பொறுத்தருள்க.

நாங்கள் ஐவர். ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். எங்களுள் மூத்தவர் தும்பாவிலுள்ள விண்வெளி மையத்தின் தொழிற்கூடத்தில் பணிபுரிபவர்; திருநெல்வேலிப் பக்கத்தவர். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். இருவர் டெக்னோபார்க்கில் கணினிப் பணி செய்பவர்கள்; ஒருவர் மதுரை, மற்றவர் கோவை. நான்காமவர் நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஐந்தாமவர் பள்ளி ஆசிரியர்.

இவ்வூருக்குத் தமிழர் வந்த வழிகளையெல்லாம் எங்கள் ஐவரிடமே காணலாம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை, நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. கடைக்காரர் வீட்டுப் பெரியவர்களுக்கு இது அயலூராகவே தோன்றியதில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் விண்ணில் ஏறியது. இராமேசுவரத்து அப்துல் கலாம் இளமையில் பணியாற்றிய இடம் அது. அதன்பின் பொறியியல் கற்ற தமிழ் இளைஞர் பலர் இப்பக்கம் வந்தனர். 1990-இல் டெக்னோபார்க் தோன்றியது. அதன்பின் வந்தவர்கள் இன்னும் மிகப் பலர். வந்த வழி வேறு. வந்தபின் எல்லோருக்கும் அமைந்த வாழ்க்கை ஒன்றுதான். நாற்காலியிலோ கல்லாப்பெட்டியின் முன்னோ நாள் முழுதும் அமர்ந்திருக்கும் வாழ்க்கை அது.

அவ்வாழ்க்கையின் பயன் முதலில் அண்ணாச்சியிடம் தெரிந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு என்று ஒரு சோதனை உண்டு. அவருக்கு அது 8.4 என்று வந்தது. ஆறரைக்கு மேற்பட்டால் நீரிழிவு என்பது மருத்துவர் கணக்கு. "மருந்து தருகிறேன், ஆனால் மருந்து மட்டும் போதாது. உடம்பை அசையுங்கள்" என்றார் மருத்துவர்.

இந்த நோய் அண்ணாச்சி ஒருவரின் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று கணித்தது. நாடு முழுதும் எடுத்துக்கொண்டால் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர், கேரளத்திலோ நூற்றுக்கு 25.5 பேர். நால்வருள் ஒருவர்! எங்கள் தெருவில் வீடு வீடாக எண்ணிப் பார்த்தோம். ஆய்வு பொய் சொல்லவில்லை.

தசை உழைக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே வாங்கிக்கொள்கிறது. உழைப்பு நின்ற பின்னும் அந்த நன்மை ஒரு நாள், இரண்டு நாள் வரை நீடிக்கிறது. ஆகவே, வாரம் ஒரு நாள் மலையேறுவதைவிட, ஒன்றுவிட்டு ஒரு நாள் சிறிது ஓடுவது மேலானது என்று கற்றோம். அண்ணாச்சியைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நாங்கள் நால்வரும் உடன் புறப்பட்டோம். உண்மையைச் சொன்னால், எங்கள் நால்வருடைய வயிறுகளும் அவருக்குத் துணைபோகத் தக்கனவாகவே இருந்தன.

முதல் நாள் விடியற்காலை ஐந்து மணி. தெருமுனையில் தேநீர்க் கடையில் பாய்லர் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஐந்து தமிழர் மூச்சிரைக்க ஓடி வருவதைக் கடைக்காரர் கண்டார். உள்ளார்ந்த இரக்கத்தோடு, "எந்தா சாரே, பஸ் போயோ?" என்று கேட்டார். பேருந்தைத் தவறவிட்டவர் அல்லாமல் வேறு யார் அந்த நேரத்தில் ஓடப்போகிறார்கள்? நாங்கள் விடை சொல்ல முயன்றோம். மூச்சு வரவில்லை. இருநூறு மீட்டர் தூரத்திலேயே நின்றுவிட்டோம்.

காரியவட்டத்தில் இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருப்பதை நேயர்கள் அறிவார்கள். 1985-இல் தோன்றிய கல்லூரி அது. அப்பக்கத்துச் சாலையில் பயிற்சி செய்துகொண்டிருந்த மாணவர் ஒருவர், ஒரு வாரம் எங்கள் துன்பத்தைக் கண்டு பொறுத்திருந்து, எட்டாம் நாள் பொறுக்க மாட்டாமல் அருகில் வந்தார். "சேட்டா, நீங்கள் ஓடவில்லை, உங்களோடு சண்டை போடுகிறீர்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் எதுவோ அதுதான் உங்கள் வேகம். பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள்" என்றார். எங்கள் பயிற்சி நூல் முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களே. ஒரு நிமிடம் ஓடுவோம். இரண்டு நிமிடம் நடப்போம். அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூன்றாம் மாதம் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடித்தோம். அன்று தேநீர்க் கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கழக்கூட்டம் ஓடுவதற்கு நல்ல ஊர். ஓடுபவரைச் சோதிக்கும் ஊரும் ஆகும். காரியவட்டம் நோக்கிச் சென்றால் சாலை ஏறும், இறங்கும். 2015-ஆம் ஆண்டு 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பல்கலைக்கழக நிலத்தில் எழுந்த பசுமைவெளி விளையாட்டரங்கம் அங்கே பெருந்தட்டுப்போல நிற்கும். மேற்கே சென்றால் நிலம் தாழ்ந்து, பார்வதி புத்தனாற்றைக் கடந்து, தென்னந்தோப்புகளின் ஊடே கடலை அடையும். அங்கே வலை இழுக்கும் மீனவர்கள் எங்களைப் பார்த்து வியப்பதில்லை. அவர்கள் எங்களுக்கு முன்பே இரண்டு மணி நேரம் உழைத்திருப்பார்கள். அவர்கள் முன்னிலையில் எங்கள் களைப்பைப் பற்றிப் பேச நாணுவோம்.

சோதனைகளும் பல. சூன் மாதத்தில் இடவப்பாதி மழை தொடங்கும். ஐப்பசியில் துலாவர்ஷம் மீண்டும் கொட்டும். மழையில்லாத நாளில் காற்றிலே ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை உலராமல் வழியும். தெருநாய்கள் கூட்டமாக வரும். ஆசிரியர் கையில் ஒரு பிரம்பு எப்பொழுதும் உண்டு. ஆண்டு முழுவதும் இங்கே கதிரவன் ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறே முக்கால் மணிக்கும் இடையே எழுகிறான்; ஏழரைக்கெல்லாம் வெயில் சுடத் தொடங்கும். ஆகவே, ஓடுவதானால் இருளில் புறப்பட வேண்டும். ஐந்து மணி முதல் ஆறு மணி வரை உள்ள அந்த ஒரு மணி நேரந்தான் எங்களுக்குக் கிடைத்தது. அந்த ஒரு மணியைச் சுற்றியே இக்கட்டுரையின் மீதிச் செய்தியெல்லாம் நிற்கிறது.

எங்களைப்போல் ஊதியத்துக்காக அன்றி விருப்பத்துக்காக விளையாடுபவரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பார்கள். அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலே 'அன்பு செய்பவன்' என்று பொருள்படுவது. இதனை அறிந்தபோது எங்கள் தலை சற்று நிமிர்ந்தது. 1896-இல் ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற சிபிரிடன் லூயி, தண்ணீர் சுமந்து விற்றவர். 1954 மே 6 அன்று ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் என்று உலகம் போற்றிய ரோஜர் பானிஸ்டர், மருத்துவ மாணவர். நண்பகல் உணவு இடைவேளையில் பயிற்சி செய்தவர். அன்று காலையிலும் இலண்டனில் மருத்துவமனைக்குப் போய்விட்டே ஆக்சுபோர்டுக்குப் புறப்பட்டார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 59.4 விநாடி. கடல் கடந்த நம்மவரும் இதில் குறைந்தவரல்லர். மலேசியாவின் மணி ஜெகதீசன் மருத்துவம் கற்றுக்கொண்டே ஓடியவர். 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அதே போட்டியில் மலேசியாவின் எம். இராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

இவர்களுடைய வரலாறுகளைப் படித்து நாங்கள் ஊக்கம் கொண்டோம். பள்ளி ஆசிரியர் ஒரு நாள், "அரை மாரத்தான் ஓடினால் என்ன?" என்று கேட்டார். அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டரும் 97.5 மீட்டரும். டிசம்பரில் நகரத்தில் அத்தகைய ஓட்டம் ஒன்று நடக்க இருந்தது. பதினாறு வாரப் பயிற்சி அட்டவணை ஒன்று தயாராயிற்று. வாரத்தில் நான்கு நாள் ஒவ்வொரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம். அட்டவணையைச் சட்டம்போட்டு அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் மாட்டினோம். அதற்குள் அவருடைய சர்க்கரை அளவு 6.9-க்கு இறங்கிவிட்டது. மருத்துவர் மகிழ்ந்து மருந்தைக் குறைத்தார். நாங்கள் எங்களை வீரர்கள் என்றே எண்ணத் தொடங்கினோம். இதுவரை சொன்னது பெருமை.

இனித் தவற்றைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினாறு கிலோமீட்டர் ஓடி முடித்து, அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மதினி, அதாவது அண்ணாச்சியின் துணைவியார், எல்லோருக்கும் உளுந்தங்கஞ்சி கொணர்ந்து வைத்தார். நாங்கள் எங்கள் வேகத்தையும் கால்வலியையும் பற்றி விரிவாக உரையாடிக்கொண்டிருந்தோம். கஞ்சியைக் குடித்து முடித்தபின் மதினி கேட்டார்:

"தம்பிமாரே, ஒன்று கேட்கட்டுமா? ஐந்து பேரும் ஓடுகிறீர்கள், நல்லதுதான். நீங்கள் ஓடுகிற நேரத்தில் உங்கள் வீடுகளில் நிற்பது யார்?"

கேள்வி எங்களுக்கு உடனே விளங்கவில்லை. மதுரைத் தம்பி, "யார் நிற்கிறார்கள் மதினி? எல்லோரும் தூங்கிக்கொண்டுதானே இருப்பார்கள்!" என்றார்.

மதினி சிரிக்கவில்லை. நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதியிருந்த கணக்கை எடுத்துக் காட்டினார். "வாரத்துக்கு ஆறரை மணி நேரம். பதினாறு வாரத்துக்கு நூற்று நான்கு மணி நேரம். இது ஓர் ஆளுக்கு. இந்த நூற்று நான்கு மணி நேரமும் வானத்திலிருந்து விழவில்லை, தம்பி. ஐந்து மணிக்கு நீங்கள் செருப்பை மாற்றுகிறீர்கள். ஐந்து மணிக்கு நான் தண்ணீர் மோட்டாரைப் போடுகிறேன். பால் காய்ச்ச வேண்டும். அத்தைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். பிள்ளையை எழுப்ப வேண்டும். மதியத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஏழேகாலுக்குப் பள்ளிக்கூட வண்டி. முன்பெல்லாம் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டுவது இவர் வேலை. இப்போது அதுவும் என் வேலை. மழைக்காலத்தில் வாரம் ஐந்து உடுப்பு வியர்வையோடு வருகிறது. உலரவே மாட்டேன் என்கிறது. நான் குறை சொல்லவில்லை. இவர் உடம்பு தேறியதில் என்னைவிட மகிழ்ந்தவர் யார்? ஆனாலும் உங்களுள் ஒருவருக்காவது இந்தக் கணக்குத் தெரியுமா என்று பார்த்தேன்."

திண்ணையில் அமைதி நிலவியது. கடைக்காரர் மெல்ல எழுந்து, தம் கஞ்சிக் கிண்ணத்தைத் தாமே கழுவி வைத்தார். அதற்குமேல் என்ன செய்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதோடு அது முடிந்திருந்தால், நாலு நாள் வெட்கப்பட்டுவிட்டு மறந்திருப்போம். மனித இயல்பு அது. ஆனால் அடுத்த மாதம், அண்ணாச்சி தம் சோதனைக்குச் சென்றபோது மதினியும் துணைக்குச் சென்றார். அங்கிருந்த செவிலியர், "அம்மா, வந்தது வந்தீர்கள், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று சொல்லி இரத்தம் எடுத்தார். மாலையில் முடிவு வந்தது. மதினியின் மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.1.

நேயர்களே, இதைப்பற்றி நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. பேச இயலவில்லை. அண்ணாச்சி மட்டும் ஒன்று சொன்னார்: "என் நோய் இறங்கியது, இறங்குவதற்கு யார் நின்றாளோ, அவள் நோய் ஏறியது. ஒரே சமையலறை, ஒரே சாப்பாடு. நான் என்னை மட்டுந்தான் சோதித்துப் பார்த்துக்கொண்டேன்." அன்றிரவு அவர் கூடத்துச் சுவரிலிருந்த அட்டவணையைக் கழற்றிவிட்டார்.

அட்டவணையைக் கழற்றுவதால் தீர்ந்துவிடும் செயலா இது? ஓடுவதை விட்டுவிட்டால் வீட்டில் நோயாளி ஒருவர் இருவராவதன்றி வேறு பயனில்லை. இதனை எடுத்துச் சொன்னவரும் மதினியே. "நீங்கள் நிற்க வேண்டும் என்றா நான் கேட்டேன்? நானும் ஓடக் கூடாதா என்று கேட்க வந்தேன். கேட்க நாணமாக இருந்தது, அதனால் கணக்கைக் காட்டினேன்" என்றார்.

பெண்ணொருத்தி ஓட விரும்புவதைச் சொல்ல நாணுவது எங்கள் தெருவில் தொடங்கியதன்று. ஏதென்சு நகரின் முதல் மாரத்தானைப் பற்றி மேலே சொன்னோம். அந்த ஓட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. இசுதமாதா ரெவிதி என்னும் ஏழைத் தாய், கைக்குழந்தை உடையவர், தாமும் ஓட வேண்டும் என்று கேட்டார், இசைவு கிடைக்கவில்லை. ஆண்கள் ஓடிய மறுநாள், அவர் தனியே அத்தூரத்தை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் ஓடி முடித்தார். விளையாட்டரங்கத்தினுள் அவரை விடவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தானில் 1966-இல் பாபி கிப் என்னும் பெண், புதரில் மறைந்திருந்து, ஆண்கள் ஓடத் தொடங்கியதும் இடையில் சேர்ந்து ஓடினார். அங்கே பெண்களுக்கு முறையான இசைவு 1972-இல்தான் கிடைத்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கென மாரத்தான் வந்தது 1984-இல். ரெவிதி ஓடியதிலிருந்து எண்பத்தெட்டு ஆண்டுகள்! அதே 1984 ஒலிம்பிக்கில்தான் கேரளத்துப் பையோளியின் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கால் பதக்கத்தை இழந்தார். அவரைப் பற்றி இங்குள்ள குழந்தைகளும் அறிவார்கள். உஷாவைப் போற்றும் நாமே, நம் வீட்டுப் பெண்ணின் விடியற்காலை ஒரு மணி நேரத்தை எண்ணிப் பார்க்கவில்லை. பாஸ்டனில் பெண்களைத் தடுத்தவர்களை நாங்கள் இகழ்ந்து படித்தோம். எங்கள் வீடுகளில் நாங்கள் யாரையும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி வேலையை நிரப்பி வைத்திருந்தோம். அவ்வளவே வேறுபாடு.

பின்பு ஐந்து குடும்பமும் ஒன்றாகக் கூடி ஒரு முறை வகுத்தோம். திங்கள், புதன், வெள்ளி ஆண்கள் ஓடுவது. செவ்வாய், வியாழன், சனி பெண்கள் ஓடுவது. ஓடாத நாளில் வீட்டு வேலை முழுவதும், 'உதவி' என்னும் பெயரால் அன்று, கடமை என்னும் பெயரால் செய்வது. ஞாயிறு முறைவைத்து மாறும். ஓடியவர் உடுப்பை ஓடியவரே துவைப்பது. இவ்விதியை எழுதியவர் கடைக்காரரின் மனைவி. இதில் திருத்தம் எதுவும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு மறக்க முடியாதது. மதினி ஓடப் போயிருந்தார். அண்ணாச்சி தோசைக்கல்லின் முன் நின்றார். பள்ளி வண்டி வந்துவிட்டது, தோசை வரவில்லை. பிள்ளை வாழைப்பழத்தோடு பள்ளிக்குப் போனான். "பதினாறு கிலோமீட்டர் ஓடியபோதுகூட எனக்கு இவ்வளவு வியர்க்கவில்லை" என்று அண்ணாச்சி அன்று மாலை ஒப்புக்கொண்டார். மூன்று வாரத்தில் தோசை வட்டமாயிற்று.

பெண்களின் பாதை எங்கள் பாதையைவிடக் கடினமானது என்பதையும் அப்பொழுதே அறிந்தோம். எங்களுக்கு இருட்டென்றால் நாய்கள் மட்டுமே பயம், அவர்களுக்கு அப்படியன்று. தெருவிளக்கு இல்லாத சாலையை விட்டு, விளக்கும் ஆள்நடமாட்டமும் உள்ள விளையாட்டரங்கப் பக்கத்தைத் தேர்ந்துகொண்டார்கள். நால்வராய்ச் சேர்ந்தே போனார்கள். "இந்த வயதில் இது எதற்கு?" என்று உறவினர் தொலைபேசியில் கேட்டார்கள். மதினியின் மாமியாரோ, யாவரும் எதிர்பாராதபடி, "போய்வா, பெண்ணே! என் காலம்தான் போயிற்று" என்றார். தேநீர்க் கடைக்காரர் அவர்களை ஒருநாளும் பேருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு எங்களிடம் மட்டும் கமுக்கமாகச் சொன்னார்: "சாரினேக்காள் சேச்சியாணு ஸ்பீடு."

டிசம்பர் வந்தது. ஓட்ட நாளும் வந்தது. ஐவர் அரை மாரத்தான் ஓடுவதாகத் தொடங்கிய திட்டம் வேறு உருவம் பெற்றது. பயிற்சி நேரம் பாதியாகிவிட்டதால், ஆசிரியரும் கோவைத் தம்பியும் மட்டும் அரை மாரத்தானில் நின்றார்கள். ஆசிரியர் 2 மணி 34 நிமிடத்தில் முடித்தார். கோவைத் தம்பி முந்திய இரவு அமெரிக்க நேரத்துக்குப் பணி செய்துவிட்டு, மூன்று மணி நேரத் தூக்கத்தோடு வந்து, பதினான்காவது கிலோமீட்டரில் தசை பிடித்து நின்றுவிட்டார். தூக்கமும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை அவர் கால்கள் அவருக்குச் சொல்லின. மதுரைத் தம்பி பத்துக் கிலோமீட்டர் ஓடினார். கடைக்காரருக்கு அன்று காலை சரக்கு லாரி வந்துவிட்டது, அவர் வரவில்லை. அவருடைய மனைவி வந்தார்.

அண்ணாச்சி அரை மாரத்தானை விட்டு, பெண்கள் நால்வரோடு ஐந்து கிலோமீட்டரில் சேர்ந்துகொண்டார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மதினி வகுத்த கணக்கின்படி அனைவரும் சென்றார்கள். முடிவுக் கோட்டை அடைந்தபோது 47 நிமிடம் ஆகியிருந்தது. பெரும்பாலோர் முடித்துவிட்டுச் சிற்றுண்டிக்குப் போய்விட்டார்கள். கைதட்டுவதற்கு ஆள் குறைவு. மதினி கோட்டைக் கடந்ததும் திரும்பிப் பார்த்து அண்ணாச்சியிடம், "வீட்டில் அத்தைக்கு மாத்திரை கொடுத்தாகிவிட்டதா?" என்று கேட்டார். "கொடுத்துவிட்டேன்" என்றார் அண்ணாச்சி. மதினி அதன்பிறகே தம் பதக்கத்தைக் கையில் வாங்கினார். அண்மைச் சோதனையில் அவருடைய அளவு 7.4. இன்னும் தொலைவு உண்டு. ஆயினும் திசை சரியாயிருக்கிறது.

எல்லாம் இனிதே முடிந்ததென்று எழுதினால் அது பொய்யாகும். கோவைத் தம்பியின் வீட்டில் கணவர், மனைவி இருவரும் இரவுப் பணி செய்பவர்கள், கைக்குழந்தை உண்டு, ஊரிலிருந்து வந்து துணையிருக்க ஆளில்லை. அந்த வீட்டில் எந்த முறையும் இரண்டு வாரத்துக்குமேல் நிற்கவில்லை. அவர் மனைவி இன்னும் ஓடவில்லை. அவர் ஓடுகிற ஒவ்வொரு நாளும் கணக்கு ஒரு பக்கமே ஏறுகிறது என்பதை அவரும் அறிவார். பிறந்த ஊரில் என்றால் பாட்டியோ அத்தையோ ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். புலம்பெயர்ந்த வீட்டில் அந்தக் கைகள் இல்லை. அந்தக் கைகளாக இருக்க வேண்டியது யார்? இப்போது சனிக்கிழமை காலையில் குழந்தையை ஆசிரியர் வீட்டில் விடுவதென்று பேசியிருக்கிறோம். எப்படி நடக்கிறதென்று பார்க்க வேண்டும்.

ஓட விரும்பும் அன்பர்களுக்கு நாங்கள் பட்டறிந்த சில சொற்கள். நாற்பது வயதைக் கடந்தவரும், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் உடையவரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ கொள்பவருக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென்று தாழக்கூடும்; சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். நீரிழிவு உடையவர் ஓடி வந்ததும் பாதங்களில் புண் உண்டா என்று பார்த்துக்கொள்க. மார்பில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் நின்றுவிடுக. அன்றைய பெருமை அன்றோடு போகட்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க. அளவுக்கு மீறிக் குடிப்பதும் தீங்கே. ஓட இயலாதவர் விரைந்து நடக்கலாம். வாரத்தில் 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறியில் சொல்லியிருக்கிறது. விரைந்த நடையும் அதில் சேரும்.

இவையெல்லாம் எந்த மருத்துவரும் சொல்வார். எங்கள் மதினி சொன்னதையே முடிவாகச் சொல்ல விரும்புகிறோம். காலையில் ஓடப் புறப்படும் முன் ஒரு கணம் வாயிலில் நின்று, இந்த ஒரு மணி நேரத்தை நமக்கு யார் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தருபவருக்கு அதனைத் திருப்பித் தரும் நாள் எது என்பதையும் குறித்து வையுங்கள்.

"யார் துரத்துகிறார்கள்?" என்று கேட்ட அன்பருக்கு இப்போது விடை சொல்லலாம். நோய் துரத்துகிறது என்றுதான் ஓடத் தொடங்கினோம். இப்போது எங்களை யாரும் துரத்தவில்லை. நாளை செவ்வாய்க்கிழமை; ஐந்து மணிக்குத் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும்; மாவு எடுத்து வெளியே வைத்தாயிற்று.